செட்டைக் குறை சொல்வதற்கு முன் நியூட்ரலைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 29 வயது. கே.வி.குப்பம் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று வருடமாக மைக் செட், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கையில் இருந்த காசுக்குத் தகுந்தபடி குறைந்த விலைச் சாமான்களாகப் பார்த்து வாங்கினேன். 19,000 ரூபாய் வீதம் இரண்டு 15 இன்ச் பவர்டு பாக்ஸ் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பது), 22,000 ரூபாய்க்கு 2000 வாட் ஆம்ப்ளிஃபையர், ஒரு 12 சேனல் மிக்சர். இந்தச் சித்திரை, வைகாசியில் எல்லாம் சேர்ந்து காலை வாரிவிட்டது. ஆம்ப்ளிஃபையர் ஒரு கல்யாண வீட்டில் மதியம் போனது. அன்று பக்கத்துக்கு நாலு பாக்ஸ் போட்டிருந்தேன். ரிப்பேர் செய்து வாங்கினால் பத்தே நாளில் மறுபடி போய், பாஸ் ஸ்பீக்கர் ஒன்றையும் எரித்துவிட்டது. பிறகு திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில், நடு ராத்திரி, சீரியல் லைட்டெல்லாம் கொஞ்ச நேரம் பளிச்சென்று எரிந்தது. அந்தப் பக்கம் டியூப்லைட் மங்கியது. இந்தப் பக்கம் இருந்த பவர்டு பாக்ஸ் ‘டப்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் இருந்த இன்னொரு பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் போர்டுக்கு, அதாவது மாட்யூலுக்கு, மெக்கானிக் 9,500 கேட்கிறார். மிக்சரிலும் கரகரப்பு. பேசாமல் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வட்டிக்கு 3 லட்சம் வாங்கி, பெரிய கம்பெனி செட்டாகப் போட்டுவிடலாமா? ஆடியில் கூழ் ஊற்றும் ஆர்டர் நாலு கைவசம் இருக்கிறது.

பதில்: தம்பி, வட்டிக்கு வாங்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 3 லட்சத்துக்கு எவ்வளவு பெரிய கம்பெனி செட் வாங்கி அதே கோயிலில் அதே போர்டில் சொருகியிருந்தாலும், அன்றைக்கு ராத்திரி அதுவும் அடி வாங்கியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் சாமான்களின் விலையைத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்தப் பக்கம் சீரியல் லைட் பளிச்சென்று எரிந்தது, அந்தப் பக்கம் டியூப்லைட் மங்கியது. ஒரே நேரத்தில் ஒரு பக்கம் பிரகாசம், ஒரு பக்கம் மங்கல் என்றால் அது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது ஒயர், விட்டுப்போனதற்கான அடையாளம். வேலூரில் முப்பது வருடத்துக்கு மேல் இந்த ரிப்பேர் வேலை பார்க்கிறேன். சித்திரை பிறந்து வைகாசி முடிவதற்குள் என் மேஜைக்கு வரும் செத்த மாட்யூல்களில் பாதிக்கு மேல் இதே கதையைத்தான் சொல்கின்றன.

திருவிழாவுக்கு எடுப்பது த்ரீ ஃபேஸ் லைன், அதாவது கரண்ட் வரும் ஒயர் மூன்று. ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். ஆனால் ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவில் 400, 415 வோல்ட் இருக்கிறது. நியூட்ரல் ஒழுங்காக இருக்கும் வரை அவரவர் ஃபேஸில் அவரவர் 230ஐ வாங்கிக்கொண்டு போகலாம். அது கழன்ற அந்த நொடியில், இரண்டு ஃபேஸிலும் இருக்கிற லோடு ஒன்றோடொன்று கோத்த மாதிரி ஆகி, அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறது. பங்கு சமமாக இருக்காது. லோடு அதிகம் உள்ள பக்கம் வோல்டேஜ் படுத்துவிடும். லோடு குறைவாக உள்ள பக்கம் 300, 350 என்று எகிறும். உங்கள் பாக்ஸ் இருந்தது எகிறிய பக்கம். மங்கிய பக்கத்தில் இருந்த இன்னொரு பாக்ஸ் பிழைத்துக்கொண்டது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே நாளில் வாங்கியது. இதை யோசித்துப் பார்த்தாலே குற்றம் பாக்ஸில் மட்டும் இல்லை என்று தெரியும்.

இந்த பவர்டு பாக்ஸ்களில் பழைய மாதிரி கனமான டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. எஸ்எம்பிஎஸ் என்கிற எடை குறைந்த எலக்ட்ரானிக் பவர் சப்ளைதான். உள்ளே நுழைகிற 230 வோல்ட் ஏசி, டயோடு பிரிட்ஜைத் தாண்டியதும் 325 வோல்ட் டிசி ஆகிறது. அங்கே போட்டிருக்கும் பெரிய கெபாசிட்டர் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் தாங்கும். லைன் 350க்கு ஏறினால் அந்த இடத்தில் 490க்கு மேல் நிற்கும். எப்படித் தாங்கும்?

போன மாதம் உங்களுடையதைப் போலவே ஒரு மாட்யூல் குடியாத்தம் பக்கமிருந்து வந்தது. அதற்கும் 9,000 சொல்லியிருந்தார்களாம். பின்தகட்டின் திருகைக் கழற்றினால் முதலில் கொட்டியது புழுதிதான். கூத்து நடக்கும் களத்துமண், செம்பழுப்பாக, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டின் இடுக்கெல்லாம் அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பார்த்தேன். ஏசி உள்ளே வரும் இடத்தில் நாலணாக் காசு அளவில் நீலமாக ஒரு வட்டம் இருக்கும். எம்ஓவி என்போம். அது இரண்டாகப் பிளந்து, சுற்றிலும் கரி. பக்கத்திலேயே கண்ணாடி ஃபியூஸ், உள்பக்கம் பாதரசம் பூசிய மாதிரி கறுத்துப் பளபளத்தது. ஃபியூஸ் கண்ணாடி தெளிவாக இருந்து, உள்ளே கம்பி மட்டும் ஒரு இடத்தில் அறுந்திருந்தால் லேசான ஓவர்லோடு என்று எடுத்துக்கொள்ளலாம். இப்படிக் கறுத்திருந்தால் நேரடி ஷார்ட். எம்ஓவிக்கு வேலையே அதுதான். வோல்டேஜ் தாண்டினால் தானே ஷார்ட் ஆகி, ஃபியூஸைப் போக்கி, பின்னால் இருப்பதைக் காப்பாற்றுவது. அந்த மாட்யூலில் அது தன் வேலையைச் செய்துவிட்டுச் செத்திருந்தது. பின்னால் மாஸ்ஃபெட் (கரண்ட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்), ஐசி, கெபாசிட்டர் எல்லாம் நலம். எம்ஓவி, ஃபியூஸ் இரண்டும் சேர்த்து ஐம்பது ரூபாய்ச் சாமான். கூலியோடு சேர்த்து ஐநூறில் முடிந்தது.

உங்களுடையதும் அப்படித்தான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். கெபாசிட்டர் தலை உப்பி, மாஸ்ஃபெட் வெடித்து, அதை ஓட்டுகிற ஐசியும் கூடப் போயிருந்தால் கதை வேறு. ஆனால் 9,500க்குச் சம்மதிப்பதற்கு முன், “எது போச்சு, ஏன் போச்சு” என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவரிடம் கொடுக்கலாம். “போர்டு போச்சு, மாத்தணும்” என்று மட்டும் சொல்கிறவரிடம் இருந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்களே திறந்து கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். தூக்கி அடித்துவிடும்.

சரி, மாட்யூல் பிழைத்து வந்தாலும் அடுத்த கோயிலில் இதே நடந்தால்? அதனால்தான் சொல்கிறேன், முதல் செலவு இங்கே இருக்கட்டும். உங்களுக்கென்று ஒரு சின்ன டிபி போர்டு, அதாவது லைனைப் பிரித்துக் கொடுக்கும் போர்டு, கட்டிக்கொள்ளுங்கள். அதில் ஓவர்லோடு ஆனால் தானே விழும் எம்சிபி சுவிட்ச் ஒன்று, வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்று. டிஜிட்டலில் வோல்டேஜ் காட்டிக்கொண்டே இருக்கும், 270ஐத் தாண்டினாலோ 170க்குக் கீழே போனாலோ தானே கட் பண்ணும், லைன் சரியானதும் கொஞ்சம் பொறுத்துத் தானே சேர்க்கும். ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அந்த ராத்திரி இது இருந்திருந்தால் கூத்து இரண்டு நிமிஷம் நின்றிருக்கும், அவ்வளவுதான். சாதாரண ஸ்டெபிலைசரை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். திடீரென்று 350க்குத் தூக்கும்போது அது சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அப்புறம், சீரியல் செட்காரர் இழுத்துக் கட்டிய போர்டிலிருந்து லைன் எடுக்கிற பழக்கத்தை விடுங்கள். அவசரத்துக்கு அவர்கள் நியூட்ரலைக் கையால் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். லோடு ஏற ஏற அந்த முறுக்கு சூடாகி, டேப் உருகிக் கறுத்து, நடு ராத்திரியில் விடும். மெயினிலிருந்தே தனி ஃபேஸ், தனி நியூட்ரல் கேளுங்கள். ஊர் வயர்மேனை வைத்து, லைனை ஆஃப் செய்து, நியூட்ரல் திருகை உங்கள் கண் முன்னால் இறுக்கச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபையரைச் சொருகுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீரியல் லைட் முழுவதையும் போடச் சொல்லுங்கள். 230 பக்கம் நின்று நாலைந்து வோல்ட் இறங்கினால் பரவாயில்லை. லைட் போட்டதும் உங்கள் பக்கம் வோல்டேஜ் ஏறினால், அங்கே நியூட்ரல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த லைனில் எதையும் சொருகாதீர்கள். கமிட்டிக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஜெனரேட்டரும் அப்படித்தான். ஓட ஆரம்பித்து மீட்டர் நிலைக்கு வந்த பிறகுதான் உங்கள் எம்சிபியைத் தூக்க வேண்டும். டீசல் தீரும் வரை ஓட்டி, அது திணறித் திணறி நிற்கிற வரைக்கும் செட்டை அதில் விட்டுவைக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது செட்டைவிடப் பெரியது. ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல், அதாவது ஹம், வருகிறது என்று பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடுகிற வழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. கூத்துக் கலைஞர் ராத்திரி முழுவதும் வெறுங்காலோடு மண்ணில் ஆடுகிறார். வியர்வையில் நனைந்த கையால் மைக் ஸ்டாண்டைப் பிடிக்கிறார். ஆம்ப்ளிஃபையர் பாடிக்கு ஃபேஸ் வந்தால், எர்த் இல்லாத செட்டில் அது அவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும். ஹம்மைப் போக்க சிக்னல் ஒயரில் வழி இருக்கிறது. இரைச்சலைத் தானே கழித்துவிடுகிற மூன்று முனை பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள், லேப்டாப்பிலிருந்து எடுத்தால் சிக்னலை அந்தக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் நடுவில் வையுங்கள். எர்த் பின்னைத் தொடாதீர்கள். ஏற்கெனவே வெட்டியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இனி ஆம்ப்ளிஃபையருக்கு வருவோம். இதில் கொஞ்சம் உங்கள் தவறும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துக்கு நாலு பாக்ஸ் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம் (ஓம் என்பது கரண்ட்டுக்கு இருக்கும் தடையின் அளவு, அது குறைந்தால் கரண்ட் கூடும்). நாலையும் பேரலலாக இணைத்தால் ஆம்ப்ளிஃபையருக்குத் தெரிவது 2 ஓம். உங்கள் மெஷினின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், ‘மினிமம் 4 ஓம்’ என்று எழுதியிருக்கும். 2 ஓமில் கரண்ட் இரட்டிப்பாகும். அதுவும் கத்திரி வெயில் மதியம், தகரப் பந்தலுக்குக் கீழே, 40 டிகிரியைத் தாண்டிய வேலூர்ச் சூட்டில், ஃபேன் இழுக்கிற காற்றே கொதிக்கும்போது. ஹீட்சிங்க் எங்கே கொண்டுபோய்ச் சூட்டைக் கொட்டும்? முதல் முறை போனதற்கு இதுவே போதும். பக்கத்துக்கு இரண்டு பாக்ஸுக்கு மேல் இந்த மெஷினில் போடாதீர்கள்.

‘2000 வாட்’ என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். பின்பக்கம் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 5 ஆம்பியர் என்றால் 230ஆல் பெருக்கினால் 1150. சுவரிலிருந்து அதற்கு மேல் தொடர்ந்து இழுக்கவே முடியாத மெஷின், 2000 வாட்டை எங்கிருந்து கொண்டுவந்து விடாமல் கொடுக்கும்? மெக்கானிக் உள்ளே திறந்து மெயின் கெபாசிட்டரில் வோல்டேஜ் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பிளஸ் மைனஸ் 45 வோல்ட் சப்ளை உள்ள ஆம்ப்ளிஃபையர், 8 ஓமுக்கு 125 வாட்டைத் தாண்டாது, 4 ஓமுக்கு 250. மேலே தகட்டில் என்ன எழுதியிருந்தாலும் அவ்வளவுதான். இது தெரியாமல் 2000 இருக்கிறதே என்று மிக்சரில் சிவப்பு லைட் அணையாமல் எரிகிற வரை ஏற்றுகிறோம். அலை மேலும் கீழும் சப்பையாக வெட்டுப்பட்டு கிளிப் ஆகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலையில் சூடு அதிகம். முகவீணையும் கூத்துக்காரரின் உச்சக் குரலும் அப்படி கிளிப்பில் ஓடினால் முதலில் போவது மேலே இருக்கும் ஹெச்எஃப் டிரைவரின், அதாவது கூர்மையான சத்தத்தைக் கொடுக்கும் ஸ்பீக்கரின், மெல்லிய டயாஃப்ரம் சவ்வு.

வாட்டை இரட்டிப்பாக்கினாலும் காதுக்குக் கிடைப்பது 3 டெசிபல்தான், கவனித்துக் கேட்டால்தான் தெரியும். பாக்ஸைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே வையுங்கள். அதில் கிடைக்கிற தெளிவு ஆம்ப்ளிஃபையரை மாற்றினாலும் கிடைக்காது. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அனுமதியைக் கமிட்டி எழுத்தில் வாங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பந்தலுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்டால் போதும் என்கிற அளவில் ஓட்டினால் ஊரும் தூங்கும், ஹெச்எஃப் டிரைவரும் பிழைக்கும்.

ரிப்பேர் ஆகி வந்து பத்தே நாளில் இரண்டாவது முறை போனதே, அது உங்கள் தவறு இல்லை. இந்த மாதிரி மெஷின்களில் அவுட்புட்டில் பெரும்பாலும் 5200, 1943 என்ற டிரான்சிஸ்டர் ஜோடி இருக்கும். அசல் தோஷிபா ஜோடி நல்ல உழைப்பாளி. ஆனால் சந்தையில் அதே பெயர் அச்சடித்த போலி கொட்டிக் கிடக்கிறது. இரண்டை நான் குறடால் உடைத்துப் பார்த்திருக்கிறேன். அசலில் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. போலியில் மிளகை நசுக்கி ஒட்டிய மாதிரி ஒரு புள்ளி. வெளியே ஒரே அளவு, ஒரே எழுத்து. அந்தப் புள்ளி எத்தனை ஆம்பியர் தாங்கும்? சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ வாங்கும்போது, அசல் விலையில் பாதிக்கும் கீழே ஒருவர் கொடுத்தால் வாங்காதீர்கள். நமக்குக் காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு ஊரும் ஒரு நாள் வேலைதான். தெரிந்த கடையில் பில் போட்டு வாங்குங்கள்.

போலி இல்லை என்றாலும் இன்னொரு காரணம் இருக்கலாம். ஷார்ட் ஆனதை மட்டும் மாற்றிவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் பார்க்காமல் விட்டிருக்கலாம். வரிசையில் ஒன்று போனால் மற்றவையும் அடி வாங்கியிருக்கும். நான் ஒரு பக்கத்து வரிசையை முழுவதுமாக மாற்றாமல் வெளியே விடுவதில்லை. அடுத்து, அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சப்ளையின் 45 வோல்ட் டிசி அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது வாய்ஸ் காயில், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்று, அசையாமல் வெந்துபோகும். உங்கள் பாஸ் ஸ்பீக்கர் எரிந்தது இப்படித்தான். நல்ல மெஷினில் டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே இருக்கும். பட்ஜெட் மெஷினில் பல சமயம் அந்த இடத்தை மிச்சம் பிடித்திருப்பார்கள். ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு தனியாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

ரிப்பேர் ஆன ஆம்ப்ளிஃபையரை எடுத்துவரப் போகும்போது மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. (இது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மெஷினுக்கு. எஸ்எம்பிஎஸ் மெஷின் பல்போடு சரியாக ஸ்டார்ட் ஆகாமல் திணறலாம், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.) இன்னொன்று, ஸ்பீக்கர் மாட்டாமல் அவுட்புட்டில் மீட்டரை டிசியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக எடுத்துவரலாம். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

மிக்சர் கரகரப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளுகிற ஃபேடருக்குள் புழுதி, உள்ளே ரிப்பன் கேபிள் முனையில் பாசி, ஜாக்கின் காலடியில் டிரை சோல்டர், அதாவது விட்டுப்போன பற்று. குட்டி யானையில் மேடு பள்ளத்தில் ஆடி ஆடிப் போய் வருகிற மிக்சருக்கு இது வருடாந்திரக் காய்ச்சல் மாதிரி. எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ரிப்பனைப் பிடுங்கிச் சொருகி, கால்களை மறுபடி பற்றவைத்தால் தீரும். துரு எடுக்கிற ஸ்பிரே, பெட்ரோல் எதையும் உள்ளே விடாதீர்கள், ஃபேடரின் கார்பன் தடம் போய்விடும். மார்கழி விடியற்காலையில் பாட்டுப் போடப் போனால் பனி படாமல் துணி போட்டு மூடுங்கள். ஆம்ப்ளிஃபையரை மட்டும் எந்தக் காலத்திலும் தார்ப்பாயால் மூடாதீர்கள். மழைக்கு மேலே கூரை வேண்டும், மூச்சுக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும். தரையில் வைக்காமல் பெஞ்சில் வையுங்கள், ஃபேன் புழுதியை இழுக்காது. கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பு என்பது எங்கள் தொழிலில் உள்ள கணக்கு. வாங்கும்போதும் மாற்றும்போதும் 85 டிகிரி போடாமல் 105 டிகிரி என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள், சில ரூபாய்தான் கூடும்.

சரி, அந்தச் செத்த மாட்யூல் உண்மையிலேயே தேறாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 9,500 போட வேண்டாம். 19,000 ரூபாய்ப் பாக்ஸில் மாட்யூல் ஒரு பங்குதான். கூடு, 15 இன்ச் ஊஃபர் (பாஸ் ஸ்பீக்கர்), ஹெச்எஃப் டிரைவர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. மாட்யூலைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு வைத்து காற்றுப் போகாமல் அடைத்து, உள்ளே இரண்டு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு கிராஸ்ஓவர், பின்னால் ஸ்பீக்கர் ஒயர் சொருக ஒரு ஸ்பீக்கான் சாக்கெட் போட்டால் அது சாதாரண பாக்ஸ். உங்கள் ஆம்ப்ளிஃபையரிலேயே பாடும். இப்படி மாற்றிக் கொடுத்த பாக்ஸ்கள் ஆற்காடு, ஒடுகத்தூர் பக்கமெல்லாம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று மட்டும் கவனம். பவர்டு பாக்ஸில் பல சமயம் 4 ஓம் ஊஃபர் போட்டிருப்பார்கள். அதற்குத் தகுந்த கிராஸ்ஓவர் போட வேண்டும், அந்த சேனலில் எத்தனை பாக்ஸ் சேர்க்கலாம் என்பதும் அதைப் பொறுத்து மாறும்.

புதிதாக ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நாள் வந்தால், கடைக்காரரிடம் எத்தனை வாட் என்று தொடங்காதீர்கள். “இது போனால் இந்த ஊரில் யார் பார்ப்பார்கள், போர்டு தனியாகக் கிடைக்குமா” என்று தொடங்குங்கள். உள்ளே எல்லாவற்றையும் கடுகு சைஸில் ஒட்டி, மேலே பசை ஊற்றி மூடிய கிளாஸ் டி மெஷின் எடை குறைவு, தூக்கச் சுகம். போனால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி மெஷின் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆனால் இருபது வருடம் கழித்தும் 5200 ஜோடியைப் போட்டு எழுப்பிவிடலாம். உங்கள் நிலைமைக்கு இரண்டாவதுதான் சரி. அகுஜா மாதிரி, 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடுகிற சின்ன மிக்சர் ஆம்ப்ளிஃபையர் ஒன்று செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் விடாதீர்கள். அதையும் ஒரு பேட்டரியையும் காலம் (column) பாக்ஸ், அதாவது நீளவாக்கில் ஸ்பீக்கர் அடுக்கிய பாக்ஸ், இரண்டையும் மேடைக்குப் பின்னால் தயாராக வைத்திருங்கள். ராத்திரி 3 மணிக்குக் கரண்ட் போனாலும் கர்ணன் பாடுவது நிற்காது. அந்த ஊர் அடுத்த வருடமும் உங்களைத்தான் கூப்பிடும்.

ஆடிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த வாரம் டிபி போர்டும் புரொடெக்டரும். அடுத்து ஆம்ப்ளிஃபையர், நான் சொன்ன மாதிரி வரிசை முழுவதும் மாற்றி, புரொடெக்ஷன் போர்டோடு. பிறகு மிக்சர் சர்வீஸ். எரிந்த ஸ்பீக்கருக்குப் புதுசு வேண்டாம், கோன் கிழியாமல் இருந்தால் ரீகாயில் பண்ணலாம், அதாவது கம்பிச் சுருளை மட்டும் புதிதாகப் போடலாம். என் கணக்குக்கு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் அடங்கும். நாலு கூழ் ஊற்றும் ஆர்டருக்கு இந்தச் செட்டே தாராளம்.

பாக்ஸைத் திறக்கிற மெக்கானிக்கிடம் ஊஃபர் ஒயரைப் பிரித்து மீட்டரை ஓமில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 6க்குப் பக்கத்தில் காட்டினால் 8 ஓம் ஊஃபர், 3க்கு மேலே காட்டினால் 4 ஓம். அந்த ரீடிங்கையும் எம்ஓவி, ஃபியூஸ் எப்படி இருக்கிறது என்று ஒரு போட்டோவையும் எனக்கு அனுப்புங்கள். மாட்யூல் தேறுமா, இல்லை கிராஸ்ஓவர் போடுவதா, போட்டால் எது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.